மழைக்கு முன் இன்னும் 39 பங்கு: வீட்டு மின் சிக்கன நிதிக்கு நன்கொடை வேண்டுகோள்

பேரன்புடையீர், வணக்கம்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். இந்த மாதக் கடைசிக்குள் நம் பொது நிதிக்குத் தேவையான 100 பங்கில் இன்னும் 39 பங்கு சேர வேண்டும். மின்விசிறிகளுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் வாங்கி வைத்திருக்கும் விலைப்புள்ளி அந்தத் தேதியோடு முடிகிறது. அதைவிடப் பெரிய அவசரம் மழை. மொட்டை மாடியில் வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பூச்சு அடிக்க வேண்டுமானால் தளத்தைக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் காயவிட்டு, முதல் பூச்சு உலர்ந்த பிறகே இரண்டாவது அடிக்க வேண்டும். ஈரத்தின் மேல் அடித்த பூச்சு பிடிக்காது, உரிந்துவிடும். மழை பிடித்துக்கொண்டால் இந்த வேலை எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. மேல்தளத்து வீடுகளில் இருப்பவர்கள் இன்னொரு கோடையையும் அதே சூட்டில் கழிக்க வேண்டியதுதான்.

நம் வீட்டு மின் சிக்கனக் குழு நேற்று முளைத்ததல்ல என்பதை இளைய தலைமுறையினருக்குச் சொல்லியாக வேண்டும். நம் குடியிருப்பை எழுப்பிய பெரியவர்கள் சிக்கனத்தைத் திட்டம் என்று சொல்லிக்கொண்டதில்லை. ஆண்டுதோறும் மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். கூலிக்கு ஆள் வைக்கவில்லை. வீட்டுக்கு ஒருவர் வந்தார்கள். வயதானவர்கள் கரைத்துக் கொடுத்தார்கள், பிள்ளைகள் வாளி சுமந்தார்கள். வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பும், கறுத்த தளம் அதைக் குடித்து இரவெல்லாம் வீட்டுக்குள் கக்கும் என்பது அவர்களுக்கு உடம்பால் தெரிந்த பாடம். மேற்குச் சுவரோரம் நிற்கும் மரங்களும் அவர்கள் வைத்தவைதான். பிற்பகல் வெயில் சுவரில் விழாமல் இருக்கிறதென்றால் அந்தப் புண்ணியம் அவர்களைச் சேரும்.

அவர்கள் எழுதி வைத்த மின் கணக்கு நோட்டு இன்றும் குழுவிடம் பத்திரமாக இருக்கிறது. மாடிப்படி விளக்குக்கும் மோட்டாருக்கும் ஒவ்வொரு மாதமும் ஓடிய யூனிட் அதில் இருக்கிறது. கூடுதலாக ஓடிய மாதத்துக்குப் பக்கத்திலேயே காரணமும் இருக்கிறது: வால்வு ஒழுகியது, தொட்டி நிரம்பி வழிந்தது, பகலிலும் விளக்கு எரிந்தது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்த பிறகுதான் பல நாடுகள் எரிசக்திச் சிக்கனத்தைப் பற்றி யோசிக்கவே ஆரம்பித்தன. நம் பெரியவர்களுக்கு அதை யாரும் வந்து சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அந்த நோட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம், இதைத் தொடராமல் விட்டால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்போம் என்ற எண்ணம் வருகிறது.

விளக்கு விஷயத்தில் அவர்கள் காலத்தோடு கூடவே நடந்தார்கள். குண்டு பல்பு எரித்த காலத்தில், அது இழுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட வெளிச்சமாவதில்லை, மீதியெல்லாம் சூடு என்று தெரிந்ததும் பொது இடங்களில் குழல் விளக்குக்கு மாறினார்கள். அப்புறம் சி.எஃப்.எல். வந்தது, அதற்குப் பின் எல்.இ.டி. நீல ஒளி தரும் எல்.இ.டி.யைக் கண்டுபிடித்ததற்காக இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீலம் இல்லாமல் இன்று நாம் பயன்படுத்தும் வெள்ளை எல்.இ.டி. விளக்கு வந்திருக்காது. 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை இன்று 9 வாட்டில் பெறுகிறோம். இந்த மாற்றத்தை நம் வீடுகளில் ஏறக்குறைய முடித்துவிட்டோம். எஞ்சியிருப்பவை விளக்கைவிடப் பெரிய செலவாளிகள்.

முதலில் மின்விசிறி. பழைய கூரை விசிறி முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கிறது. நிரந்தரக் காந்தமும் மின்னணுச் சுற்றும் கொண்ட பி.எல்.டி.சி. விசிறி அதே அளவு காற்றைச் சுமார் 30 வாட்டில் தருகிறது. ஒரு நாளில் 12 மணி நேரம் ஓடினால் 540 வாட்-மணி மிச்சம் (1,000 வாட்-மணி ஒரு யூனிட்). மாதத்துக்கு 16 யூனிட், ஆண்டுக்கு ஏறத்தாழ 197 யூனிட். மூன்று விசிறி உள்ள வீட்டில் ஆண்டுக்கு 590 யூனிட். நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்கச் சுமார் ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. அப்படியானால் ஒரு வீட்டின் மூன்று விசிறிகள் மட்டும் ஆண்டுக்கு அரை டன்னுக்கு மேல் தடுக்கும். பழைய பெட்டி ரெகுலேட்டர் வைத்திருப்பவர்கள் அதைத் தொட்டுப் பார்த்தால் சுடும். வேகத்தைக் குறைத்த பிறகும் மின்சாரத்தில் ஒரு பகுதியை அது சூடாக்கிக் கொட்டிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு லாபம் என்றால் அவரவரே வாங்கிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, அதற்குப் பதில் சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு. வாடகை வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விசிறி வீட்டுக்காரருடையது, மின் கட்டணம் குடியிருப்பவருடையது. பணம் போட்டு மாற்றினால் பலன் வேறொருவருக்குப் போகிறது என்று வீட்டுக்காரர் சும்மா இருக்கிறார். நாளைக்கே காலி செய்தால் விட்டுவிட்டுப் போக வேண்டுமே என்று குடியிருப்பவரும் சும்மா இருக்கிறார். இருவர் நினைப்பதிலும் தப்பில்லை, ஆனால் பழைய விசிறி மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அடுத்து, ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் முதியவர்கள், தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்கள். மாதாமாதம் அதிகக் கட்டணம் கட்டுவது அவர்களுக்குக் கஷ்டம்தான். ஆனால் மொத்தமாக ஒரு தொகையை எடுத்து வைப்பது அதைவிடக் கஷ்டம். மிச்சம் பிடிக்க வேண்டிய தேவை யாருக்கு அதிகமோ அவர்களிடம்தான் முதல் போடப் பணம் இருப்பதில்லை.

அதற்காகத்தான் இந்தச் சுழல் நிதி. நிதியிலிருந்து விசிறி வாங்கித் தருகிறோம். வாங்கிக்கொண்ட வீடு, கட்டணத்தில் மிச்சமாகும் தொகையிலிருந்து தவணை கட்டுகிறது. மிச்சத்துக்கு மேல் தவணை போகக் கூடாது என்பது குழுவின் விதி. திரும்பி வரும் பணம் அடுத்த வீட்டுக்குப் போகிறது. ஆகவே நீங்கள் தரும் ஒரு பங்கு ஒரு வீட்டோடு நிற்பதில்லை, சுற்றிச் சுற்றி வேலை செய்கிறது.

இப்போது கணக்கு. மொத்தச் செலவை 100 பங்காகப் பிரித்திருக்கிறோம். ஒரு பங்கின் தொகை உங்கள் வீட்டுக்குத் தந்த சீட்டில் உள்ளது. விசிறிகளுக்கு 46 பங்கு. மொட்டை மாடிப் பூச்சுக்கு 24. புதிய மோட்டாருக்கும் குழாய் வேலைக்கும் 18. மாடிப்படிக்கு ஆள் வந்தால் எரியும் விளக்குகளுக்கு 7. எந்தச் சாதனம் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று காட்ட வீடு வீடாக இரவல் தரும் வாட் மீட்டர்களுக்கும் பழைய சி.எஃப்.எல்., குழல் விளக்குகளைப் பாதுகாப்பாக அப்புறப்படுத்துவதற்கும் 5. இதில் கைக்கு வந்தது 61. கூட்டத்தில் கை தூக்கி ஒப்புக்கொண்டு இன்னும் கட்டாதது 12. அந்த 12 முழுதாக வந்தாலும் 27 பங்குக்குப் புதிதாக யாராவது முன்வர வேண்டும்.

மோட்டாருக்கு 18 பங்கா என்று புருவம் உயர்த்தியவர்கள் இருக்கிறார்கள். 1,000 லிட்டர் தண்ணீரை 20 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற இயற்பியல் கணக்குப்படி சுமார் 54.5 வாட்-மணி போதும். மோட்டாரும் பம்பும் குழாயும் சேர்ந்த திறன், அதாவது இழுக்கும் மின்சாரத்தில் வேலைக்குப் பயன்படும் பகுதி, நூற்றுக்கு 25 என்றால் அதே வேலைக்கு 218 வாட்-மணி ஆகும். திறனை 50-க்கு உயர்த்தினால் 109. நம் மோட்டார் உள்ளே இருக்கும் கம்பிச் சுருளை மாற்றிப் பலமுறை சுருள் கட்டப்பட்டது. சரியாகச் செய்யாத ஒவ்வொரு சுருள்கட்டும் திறனைக் கொஞ்சம் தின்றுவிடும். குழாய்க்குள் படிந்த உப்பு இன்னொரு பக்கம் தடுக்கிறது. இதோடு தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானே நிறுத்தும் ஃப்ளோட் ஸ்விட்சையும் பொருத்துகிறோம். வழிந்து ஓடும் தண்ணீர் அவ்வளவும் மின்சாரம் கொடுத்து மேலே ஏற்றிய தண்ணீர் என்பதை மறக்க வேண்டாம்.

எரிசக்திச் சிக்கனத்தைச் சர்வதேச எரிசக்தி முகமை 'முதல் எரிபொருள்' என்று சொல்கிறது, மிச்சம் பிடிப்பதையே முதலில் நாட வேண்டும் என்பது அதன் பொருள். 2023-இல் துபாயில் கூடிய காலநிலை மாநாட்டில், எரிசக்தித் திறன் மேம்படும் வேகத்தை 2030-க்குள் இரு மடங்காக்க வேண்டும் என்று உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. பெரிய மேடையில் ஒப்புக்கொண்டதை நிறைவேற்ற வேண்டிய இடம் நம் கூரையும் மோட்டார் அறையும்தான்.

இனி நன்றி சொல்ல வேண்டியவர்கள். இந்தப் பகுதி நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் செய்ததற்கு இதுவும் போதாது. முதல் பங்கைக் கட்டியவர் நம்மில் மூத்த ஓர் அம்மா. பெயரை எங்கும் எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பணத்தைக் கொடுத்தார். அந்தக் கை நிறைந்து இருக்கட்டும் என்று இறைவனை வேண்டுகிறோம். சேமித்து வைத்த சில்லறையைப் பையோடு கொண்டுவந்து எண்ணாமலே தந்த பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. கடந்த சுற்றில் விசிறி பெற்ற எல்லா வீடுகளிலும் அதை மாட்டித் தந்த ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன் ஐயா கூலி வாங்க மறுத்தார். வற்புறுத்திக் கொடுத்ததையும் நிதியிலேயே போட்டுவிட்டார். இங்கிருந்து வேறு ஊருக்குக் குடிபோன குடும்பங்கள் சில இன்னமும் தவறாமல் அனுப்புகின்றன. இந்தக் கூரையின் கீழ் இப்போது அவர்கள் இல்லை, நன்றி மட்டும் இருக்கிறது. முதல் சுற்றில் விசிறி பெற்ற வீடுகளில் ஒன்று, தவணையைக் காலத்துக்கு முன்பே முடித்துவிட்டு அதற்கு மேல் ஒரு முழுப் பங்கும் கட்டியது. அந்த வீட்டின் வருமானம் எவ்வளவு என்பது நம் எல்லோருக்கும் தெரியும். வாட் மீட்டரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், சும்மா செருகியிருக்கும் சாதனங்கள் எவ்வளவு மின்சாரம் இழுக்கின்றன என்று குறித்துத் தந்த மாணவிகளுக்கும், மரத்தடிக் கூட்டங்களுக்கு நாற்காலி போட்டுத் தந்தவர்களுக்கும், பாதரசம் உள்ள பழைய விளக்குகளை உடையாமல் சேகரித்து வைத்த தூய்மைப் பணியாளர்களுக்கும் இரு கரம் கூப்பி வணங்குகிறோம்.

இவ்வளவு பேர் தோள் கொடுத்த பிறகு, தர முடிந்த சிலர் மௌனமாக இருப்பது எங்களை வருத்துகிறது. முதல் சுற்றில் விசிறி பெற்றுக் கட்டணம் குறைந்ததை எல்லோரிடமும் மகிழ்ச்சியோடு சொன்ன சில வீடுகள் தவணையை நிறுத்தியிருக்கின்றன. உடல்நலக் குறைவு, வேலை இழப்பு என்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், தள்ளி வைக்கிறோம், யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. காரணம் எதுவும் இல்லை என்றால், அடுத்ததாக வரிசையில் காத்திருக்கும் வீடு எது என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். உங்கள் முறை வந்தபோது யாரோ ஒருவர் தாமதிக்காமல் கட்டியிருந்ததால்தான் உங்களுக்குக் கிடைத்தது. கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்ட 12 பங்குக்காரர்களிடமும் இதையே கேட்கிறோம். சொன்ன சொல் உங்களுடையது.

கீழ்த்தளத்து வீட்டுக்கு மாடிப் பூச்சால் என்ன பலன் என்று கேட்பவர்களுக்கும் ஒன்று. மேல்தளத்தில் இருப்பவர்கள் இத்தனை ஆண்டுகளாக உங்கள் தலைக்கு மேல் வெயிலைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். நல்ல வெள்ளைப் பூச்சு புதிதாக இருக்கும்போது விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். தூசி படிந்தால் பலன் குறையும். அதனால் ஆண்டுக்கு ஒருமுறை கழுவ வேண்டும். முன்பு சுண்ணாம்பு அடிக்கக் கூடியதுபோல் அதற்கும் வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும் என்று இப்போதே சொல்லி வைக்கிறோம்.

முழுப் பங்கு முடியாதவர்கள் அரைப் பங்கு தரலாம், இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து ஒரு பங்கு எடுக்கலாம். பணம் தர வழியில்லாதவர்கள் உழைப்பைத் தரலாம். தளம் கழுவ, விசிறி கழற்ற, கணக்கு எழுத ஆள் வேண்டும். வரும் ஞாயிறு காலை பொருளாளரும் இரு உறுப்பினர்களும் வீடு வீடாக வருவார்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு மாதமும் வரவு செலவும், ஓடிய யூனிட்டும் பழைய வழக்கப்படி நோட்டில் எழுதி அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்படும். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். மாதத்தின் கடைசி நாள் மாலை விலைப்புள்ளிக்கு முன்பணம் கட்டியாக வேண்டும், ஆகவே அதற்கு முந்தைய நாள் இரவுக்குள் பங்கு வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
வீட்டு மின் சிக்கனக் குழுவினர்