யார் வரவில்லை என்று பார்க்கிற கூட்டம்

கர்த்தருக்குள் பிரியமான மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசியாயிற்றே, இன்னும் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. நீ கேட்டது நல்ல கேள்வி. நானோ "ஒழுங்கா சர்ச்சுக்குப் போ" என்று அதட்டி வைத்துவிட்டேன். 22 வருஷம் ஞாயிறு பள்ளியில் ஊரார் பிள்ளைகளின் கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னவள், சொந்தப் பிள்ளை கேட்டதும் சட்டென்று கோபப்பட்டுவிட்டேன்.

நீ சொன்னதை ஒரு தரம் எழுதிப் பார்க்கிறேன், சரியா என்று பார். அங்கே போன ஐந்து மாதத்தில் நான்கு சபைகளுக்குப் போயிருக்கிறாய். முதல் சபையில் பாட்டு அருமை, பிரசங்கத்தில் சாரமில்லை. அடுத்ததில் பிரசங்கம் பிரமாதம், ஆனால் ஆசீர்வாதம் கூறி முடித்ததும் யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மூன்றாவது சபையில் வாசலிலேயே இரண்டு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். நான்காவது சின்னது, நாற்பது பேர்கூட இல்லை, பாதிப்பேர் வயதானவர்கள், சுருதியும் சேரவில்லை. அதனால் இப்போது நீயும் அறைத்தோழனும் கட்டிலில் சாய்ந்தபடி போனில் பிரசங்கம் கேட்கிறீர்கள். "ரெண்டு மூணு பேர் கூடினாலே சபைதானேம்மா, இயேசுவே சொல்லியிருக்காரே?"

சொல்லியிருக்கிறார்தான். எந்த இடத்தில் சொன்னார் என்று கொஞ்சம் எடுத்துப் பார். மத்தேயு 18. நான்கு சுவிசேஷங்களிலும் இயேசு 'சபை' என்ற சொல்லைச் சொல்வதாக வருவது மத்தேயுவில் மட்டும்தான், அதுவும் இரண்டே இடத்தில். ஒன்று பேதுருவிடம் சொன்னது, 16ஆம் அதிகாரம். அது எல்லோருக்கும் மனப்பாடம். மற்றது இங்கே. உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால் முதலில் தனியாகப் போய்ப் பேசு, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் மசியாவிட்டால் சபைக்குச் சொல் என்கிறார். இதன் தொடர்ச்சியாகத்தான் இரண்டு மூன்று பேர் கூடுகிற வசனம் வருகிறது. அது முடிந்த கையோடு பேதுரு, "எத்தனை தரம் மன்னிக்கணும், ஏழு தரமா?" என்று கணக்குக் கேட்கிறார். ஆக அந்த இரண்டு மூன்று பேர் சும்மா கூடியவர்கள் இல்லை. முறிந்துபோன ஒரு உறவை ஒட்டவைக்க உட்கார்ந்திருப்பவர்கள். ஜெபக்கூட்டத்துக்கு ஆள் வராத நாளில் நம்மை நாமே தேற்றிக்கொள்ள அந்த வசனத்தை எடுத்துக்கொள்கிறோம். நானும்தான் எடுத்திருக்கிறேன்.

இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்தது இல்லை. நீ எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஏழு மாதம் நான் திருவிருந்து, அதுதான் ஆராதனையில் பகிர்கிற அப்பமும் திராட்சரசமும், எடுக்காமல் இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "ஏம்மா நீங்க முன்னால போகலை?" என்று கேட்டாய், முட்டி வலிக்கிறது என்று பொய் சொன்னேன். நடந்தது இதுதான். பெண்கள் ஐக்கியத்தில் உதவி நிதிக் கணக்கு என் கையில் இருந்தது. ஒரு கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் ஒரு அக்கா எழுந்து, இந்தத் தொகை எங்கே போனது என்று கேட்டுவிட்டார். கேட்ட விதம் அப்படி. திருடி என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். நான் நோட்டைத் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஆராதனைக்குப் போவேன், அவர் உட்காரும் பக்கம் திரும்ப மாட்டேன். பாட்டு வரும், ஜெபம் வரும், கண்ணீர்கூட வரும். ஆனால் திருவிருந்து மேசைக்குப் போக முடியவில்லை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற வசனம் காலைப் பிடித்து நிறுத்திவிடும்.

ஏழாம் மாதம் ஒரு சாயங்காலம் சபையில் மூத்த இரண்டு பேர் அந்த அக்காவை நம் வீட்டுக்கே அழைத்து வந்தார்கள். உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. நோட்டைக் கொண்டுவந்து நடுவில் விரித்தார்கள். நால்வரும் வரி வரியாகப் பார்த்தோம். பதினோராம் பக்கத்தில் ஒரே செலவை நான் இரண்டு தடவை எழுதியிருந்தேன். என் கையெழுத்து, என் நீல மசி. ஏழு மாதமாக நான் நியாயம் பேசிக்கொண்டிருந்த விஷயத்தில் தப்பு என்னுடையது! முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அந்த அக்கா ஒன்றும் சொல்லாமல் பேனாவை வாங்கி, அடிமட்டம் வைத்து, இரண்டாவது வரியை நேராக ஒரு கோடு போட்டு அடித்தார். "எனக்கும் இப்படி ஆகும். நான் அன்னைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார். அடுத்த திருவிருந்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டோம், ஒருவரை ஒருவர் பார்க்கத் துணிவில்லாமல்.

இன்றைக்கும் எங்களுக்குள் பெரிய நெருக்கம் கிடையாது, உண்மையைச் சொல்கிறேன். அவர் பேச்சு எனக்குப் பிடிக்காது, என் பேச்சு அவருக்கு. ஆனால் ஒரு ஞாயிறு நான் போகாவிட்டால் முதல் போன் அவரிடமிருந்துதான் வரும். "சும்மாதான் கேட்டேன்" என்பார். சபை என்றால் என்ன என்று நீ கேட்டபோது என் மனதில் வந்து நின்றது அந்தச் "சும்மாதான்". நானாகத் தேர்ந்தெடுத்திருந்தால் அவரை என் வாழ்க்கையில் சேர்த்திருக்கவே மாட்டேன். கிறிஸ்து சேர்த்துவிட்டார், இனி என்ன செய்ய?

நாம் சபை என்று மொழிபெயர்த்திருக்கிற கிரேக்கச் சொல் எக்கிளேசியா. அந்தக் காலத்தில் அது சாமிச் சொல்லே கிடையாது, ஊர்க்காரர்கள் கூடுகிற கூட்டத்துக்குப் பெயர். அப்போஸ்தலர் நடபடிகள் 19இல் எபேசு பட்டணத்தில் தட்டான்கள் கிளப்பிவிட்ட கலவரம் வருகிறதே, அரங்கத்தில் இரண்டு மணி நேரம் கத்துகிறார்களே, அந்தக் கும்பலுக்கும் மூலத்தில் அதே சொல்தான். ஏன் கூடினோம் என்றே அதிகம் பேருக்குத் தெரியவில்லை என்று லூக்கா எழுதுகிறார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அந்த வரி ஞாபகம் வந்து சிரிப்பு வரும். கூடிவிட்டால் மட்டும் போதாது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

வாசலில் சண்டை போட்டார்கள் என்று மூன்றாவது சபையைத் தள்ளிவிட்டாய். சண்டை இல்லாத சபை வேதத்திலேயே இல்லையே! அப்போஸ்தலர்கள் உயிரோடு இருந்து நடத்திய எருசலேம் சபையிலேயே, கிரேக்கு பேசுகிற விதவைகள் அன்றாட விசாரிப்பில் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு வந்தது. என்ன செய்தார்கள் என்று கவனி. முறுமுறுத்தவர்களை அடக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுத்துப் பந்தி விசாரிப்பை ஒப்படைத்தார்கள். அந்த ஏழு பெயரையும் வாசித்துப் பார்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. எல்லாமே கிரேக்கப் பெயர். குறை சொன்ன பக்கத்து ஆட்கள் கையிலேயே பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. எந்தக் கமிட்டியில் இப்படி நடந்து நீ பார்த்திருக்கிறாய்? அதனால் அந்தச் சபையில் சண்டை நடந்ததா என்பதோடு நிறுத்தாதே. அப்புறம் என்ன ஆனது என்று விசாரி.

கொரிந்து சபைக்கு வரங்களில் குறைவே இல்லை. பாட்டு, தீர்க்கதரிசனம், அந்நிய பாஷை, எல்லாம் உண்டு. போனில் பார்த்திருந்தால் நீ அங்கேதான் சேர்ந்திருப்பாய். அவர்களிடம்தான் பவுல், நீங்கள் கூடிச் சாப்பிடுவது கர்த்தருடைய இராப்போஜனமே இல்லை என்கிறார். ஏன்? ஒருவன் பசியாய் இருக்கிறான், ஒருவன் குடித்து வெறித்திருக்கிறான். வசதியுள்ளவர்கள் முதலில் வந்து பந்தியை முடித்துவிட, வேலை முடிந்து வருகிற கூலிக்காரர்களுக்கும் அடிமைகளுக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை என்று வேத அறிஞர்கள் பலர் இதை விளக்குகிறார்கள். பவுல் சொல்கிற மருந்து ரொம்பச் சாதாரணமானது: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். இவ்வளவுதானா என்று எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது. வயதாக ஆகத்தான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிகிறது.

கி.பி. 155 வாக்கில் ரோமாபுரியில் இருந்த ஜஸ்டின் என்பவர், கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடி என்னதான் செய்கிறார்கள் என்று பேரரசருக்கு விளக்கி எழுதினார். அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளையோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளையோ நேரம் இருக்கும்வரை வாசிப்பார்கள், நடத்துகிறவர் பேசுவார், எழுந்து நின்று ஜெபிப்பார்கள், அப்பமும் திராட்சரசமும் பகிர்வார்கள். மனம் உள்ளவர்கள் கொடுக்கும் காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் அந்நியருக்கும் போகும். ஒன்றை மட்டும் நான் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். வராதவர்களுக்கு உதவிக்காரர்கள் அப்பத்தை எடுத்துக்கொண்டு போவார்களாம். நன்றாக யோசித்துப் பார், யார் வரவில்லை என்று தெரிந்தால்தானே கொண்டுபோக முடியும்?

உன் பாட்டி படுக்கையில் கிடந்த கடைசி வருஷம் போதகர் வருவாரே, அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டியோடு. விரல் நுனி அளவு கிண்ணம். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது நீதான். பாட்டிக்கு என் பெயர்கூட மறந்துபோயிருந்த நேரம் அது. பரமண்டல ஜெபம் தொடங்கியதும் உதடு தானாக அசையும். ஒரு நாள் அப்பத்தை விழுங்கிவிட்டுப் போதகரிடம், "இன்னைக்கு எல்லாரும் வந்திருந்தாங்களா?" என்று கேட்டார். அவரும் மெனக்கெட்டு, யார் யார் வந்தார்கள் என்று பெயர் பெயராகச் சொன்னார். பத்து நிமிஷம் ஆயிற்று. பாட்டிக்கு அந்தப் பெயர்களில் எத்தனை விளங்கியது என்று தெரியாது, ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டினார். போனில் கேட்கிற பிரசங்கத்தை நான் குறை சொல்லவில்லை. படுக்கையில் இருப்பவருக்கு அது பெரிய உபகாரம். ஆனால் நீ கேட்காமல் விட்டால் அந்தப் போன் உன்னைத் தேடாதே ஐயா.

சரி, உபதேசம் வேண்டாமா, ஞானஸ்நானம் வேண்டாமா என்று உன் அப்பா பக்கத்திலிருந்து கேட்கிறார். வேண்டும். ஒரே, பரிசுத்த, பொதுவான, அப்போஸ்தல சபை என்று 381 முதல் விசுவாசப் பிரமாணத்தில் சொல்லிவருகிறோம். சுவிசேஷம் சரியாகப் போதிக்கப்பட்டு, ஞானஸ்நானம், திருவிருந்து என்கிற சாக்கிரமந்துகள் சரியாகக் கொடுக்கப்படும் இடத்தில் சபை இருக்கிறது என்று லுத்தரன்கள் 1530இல் ஆக்ஸ்பர்க்கில் அறிக்கை செய்தார்கள். நானும் அதை முழுமனதாய் ஏற்கிறேன். இயேசு கிறிஸ்து இல்லாத இடத்தில் எவ்வளவு அன்பாகப் பழகினாலும் அது ஒரு நல்ல சங்கம், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சுவிசேஷம் ஜனங்களுக்குள் இறங்கியிருக்கிறதா என்று வெளியிலிருந்து வருகிற நீ எதை வைத்துப் பார்ப்பாய்? பந்தியைத்தான் பார்க்க முடியும். பொன் மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் கந்தை கட்டினவனுக்குக் காலடியும் காட்டுகிறீர்களா என்று யாக்கோபு கேட்டதும் இதைத்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் சகித்துக்கொண்டு எங்கேயாவது கிட என்று நான் சொல்லவில்லை. கோதுமையும் களையும் கலந்துதான் சபை இருக்கும் என்று பழைய சபைப் பிதா அகுஸ்தீன் வாதாடினது மெய்தான். அதைச் சாக்கு வைத்து, பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் நடக்கிற அநியாயத்தை மூடி மறைக்கிற இடங்கள் உண்டு. கணக்குக் கேட்டால் சாபம் விடுகிற போதகர்கள் உண்டு. "மன்னியுங்கள்" என்று அடிபட்டவனிடம் மட்டும் சொல்லி, அடித்தவனை மேடையில் உட்கார வைப்பார்கள். அங்கே ஒரு ஞாயிறுகூட உட்கார வேண்டாம். தெரிந்ததைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டு வெளியே வா.

பழைய கிறிஸ்தவ ஆராதனைக் கட்டடங்களில் நமக்குத் தெரிந்த மிகப் பழையது சிரியாவில் தூரா யூரோப்பஸ் என்ற இடத்தில் மண்ணுக்குள் கிடைத்தது. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கோபுரம் ஒன்றும் கிடையாது, சாதாரண வீடு. இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை இடித்து ஒரே கூடமாக ஆக்கியிருக்கிறார்கள். எத்தனை பேர் கொள்ளும் என்கிறாய்? அறுபது, எழுபது பேர் உட்கார்ந்தாலே நெருக்கடிதான். உன் நான்காவது சபையை நினைத்துக்கொண்டேன்.

நீ போனில் அதைப் பற்றிப் பேசும்போது போகிறபோக்கில் ஒன்று சொன்னாய், கவனித்தாயோ என்னவோ. இரண்டாவது வாரம் நீ போகவில்லை, மூன்றாவது வாரம் போனபோது ஒரு பெரியவர், "போன வாரம் காணோமே தம்பி" என்று கேட்டார், எனக்குச் சங்கடமாகிவிட்டது என்றாய். அவர் பெயராவது கேட்டாயா?

இந்த ஞாயிறு அங்கே போ. அந்த அறைத்தோழனையும் கூட்டிக்கொண்டு போ. சுருதி சேராவிட்டால் நீ கொஞ்சம் உரக்கப் பாடு, உனக்குத்தான் நல்ல குரல் இருக்கிறதே. சாயங்காலம் நான் போன் பண்ணுவேன். பிரசங்கம் எப்படி இருந்தது என்று கேட்க மாட்டேன். யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், யார் வரவில்லை, அது மட்டும் சொல்.

ஜெபத்துடன்,
அம்மா