சேது வழிக்கு ஒரு பலகை வேண்டும்

ஐயா,

போன ஞாயிறு ராமநாதபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் குடும்பத்தோடு தேவிபட்டினம் போய்வந்தோம். கடலுக்குள் நிற்கும், நவக்கிரகங்களாகக் கும்பிடும் ஒன்பது நவபாஷாணக் கற்களை என் மகள் விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தாள், அலை தணிந்து பாசி பிடித்த ஒரு கல்லின் தலை வெளியே தெரிந்ததும் "ஒன்பது!" என்று கத்தினாள். உப்பூரில் வெயிலுகந்த விநாயகரைக் கும்பிட்டு, தேவிபட்டினத்தில் கடலாடி, அப்புறம் ராமேசுவரம் போவதுதான் பழைய சேது யாத்திரை. நடந்து வந்தவர்களுக்காகச் சேதுபதி மன்னர்கள் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டிச் சோறு போட்டார்கள். இதைச் சொல்லும் பலகை ஒன்றுகூட எங்கள் கண்ணில் படவில்லை. மகளுக்கு நான் சொன்னதெல்லாம் என் அப்பத்தா சொல்லிக் கேட்டதுதான். மிச்சமிருக்கும் சத்திரங்களின் முன்னால் நாலு வரி எழுதி வையுங்கள், கோடை விடுமுறைக்குள் வைத்தால் இன்னும் நல்லது.

ஒரு வாசகர், ராமநாதபுரம்