பூநாரையின் அலகும் காலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தமிழக எல்லையை ஒட்டிய ஆந்திர ஊரான சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா செல்லும் சாலை பழவேற்காடு ஏரியைக் கடக்கும் இடத்தில், குளிர்காலம்தோறும் பூநாரைகளைக் (ஃபிளமிங்கோ) காணக் கூட்டம் சேர்கிறது. எங்கள் ஊர்ச் சுவர் ஒன்றில் அப்பறவையை நேரான, கூரிய அலகோடு வரைந்திருப்பதைப் பார்த்தபோது, ஓவிய ஆசிரியராக இருந்த எனக்கு மனம் ஒப்பவில்லை. அது செங்கால் நாரையின் அலகு. பூநாரையின் அலகு நடுவில் வளைந்து கீழ்நோக்கி இறங்கும். தலையைக் கவிழ்த்து, அலகை நீரில் தலைகீழாக வைத்து, நாக்கால் நீரை உறிஞ்சித் தள்ளிச் சிற்றுயிர்களை வடிகட்டி உண்பதற்கே அவ்வளைவு அமைந்திருக்கிறது. பெரிய பூநாரைக்கு இளஞ்சிவப்பு அலகின் நுனி மட்டும் கறுப்பு. சிறிய பூநாரைக்கு அலகு முழுவதுமே கருஞ்சிவப்பு. காலில் பின்னோக்கி மடிவதாகத் தோன்றுவது முழங்கால் அன்று, கணுக்கால். முழங்கால் இறகுகளுக்குள் மறைந்திருக்கும். பறக்கையில் கழுத்தை நீட்டிப் பறப்பது பூநாரை, மடக்கிக்கொள்வது கொக்கு என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

பார்க்க வருவோர் படம் பிடிப்பதற்காகக் கல்லெறிந்தும் ஒலிப்பான் அடித்தும் இரைதேடும் பறவைக் கூட்டத்தை எழுப்புகிறார்கள். (தமிழ், தெலுங்கு என்ற பேதம் இதில் மட்டும் இல்லை!) எழும் ஒவ்வொரு முறையும் அவை உண்ணும் நேரத்தையும் உடல் வலுவையும் இழக்கின்றன. வண்டிகளைத் தொலைவில் நிறுத்தச் செய்யும் அறிவிப்பை இரு மொழிகளிலும் வைக்க அதிகாரிகள் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
சூலூர்பேட்டை.