மாடிசனுக்குப் போகும் மருமகனுக்கு

அன்புள்ள மாப்ள,

மாடிசனில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், இடம் கிடைத்துவிட்டது என்று உன் அம்மா போன் செய்தாள். சந்தோஷம். மினசோட்டாப் பிள்ளைகள் விஸ்கான்சினில் போய்ப் படித்தால் வெளிமாநிலக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை என்று இரண்டு மாநிலங்களுக்கும் ஒப்பந்தம் உண்டு. உன் அப்பாவின் பர்ஸுக்கு அது நல்லது. படிப்பிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தாய்மாமன் சீரோடு சேர்த்து நான் வாங்கிக் கொடுத்த மெரூன் நிற கோஃபர் (நம் மினசோட்டா பல்கலைக்கழக அணி) சட்டையில் தவழ்ந்த பிள்ளை, இந்த இலையுதிர்காலத்தில் சிவப்புச் சட்டை மாட்டிக்கொண்டு விஸ்கான்சின் அணியின் பாட்ஜர் ஆகப் போகிறான் என்பது ஜீரணமாகக் கொஞ்சம் நாள் பிடிக்கும்.

இதை உன் அம்மாதான் உனக்கு வாசித்துக் காட்டுவாள். நடுநடுவே "உன் மாமன் சும்மா விளையாட்டுக்கு எழுதியிருக்கான்" என்று சமாதானம் சொல்வாள். நம்பாதே.

நீ அங்கே போன முதல் வாரத்திலேயே மினசோட்டாவைக் கிண்டல் செய்யக் கற்றுக் கொடுத்துவிடுவார்கள். போனில் என்னிடமே ஆரம்பிப்பாய். தாராளமாகச் செய். நம் ஊரில் யாரும் யாரையும் கேலி செய்துவிட முடியாது, அதற்கு முறை இருக்க வேண்டும். மாமன் மச்சான் என்றால் பந்தியில் வைத்தே காலை வாரலாம், அவனும் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுப்பான். முறை இல்லாதவன் அதே வார்த்தையைச் சொன்னால் கைகலப்பாகிவிடும். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் இந்த ஊர்க் கல்லூரி ஃபுட்பாலில் அந்த முறையை ஏற்படுத்தித் தருவது சுழற்கோப்பைகள்தான். கோப்பை என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. ஒன்று கோடாலி, ஒன்று தண்ணீர் ஜாடி, இன்னொன்று வெண்கலப் பன்றி. அவை ஒவ்வொன்றும் எப்படி வந்தன என்று தெரிந்துகொண்டு கேலி செய். விவரம் தெரியாதவன் செய்யும் கேலி சப்பென்று இருக்கும்.

முதலில் நம் இருவருக்கும் நடுவில் இருக்கும் கோடாலி. வடக்குக் காடுகளில் மரம் வெட்டிய ராட்சதன் என்று கதைகளில் வரும் பால் பன்யன் பெயரில், 1948-இல் விஸ்கான்சினின் முன்னாள் விளையாட்டு வீரர்கள் சங்கம் செய்து கொடுத்தது. பிடி மட்டும் 6 அடி. அதில் வருஷாவருஷம் ஸ்கோர் எழுதிவைப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர்கள் ஓடிப்போய் அதைத் தூக்கிக்கொள்ள வேண்டும். தோற்றவர்களிடம் அது இருந்தால் அவர்கள் நிற்கும் இடத்துக்கே போய் எடுத்துக்கொள்ள வேண்டும். மேடையும் கிடையாது, கைகுலுக்கி வழங்கும் விருந்தினரும் கிடையாது. பிறகு கோல்போஸ்ட்டை வெட்டிச் சாய்ப்பது போல் ஒரு பாவனை. 2013-இல் எங்கள் மைதானத்தில் நீங்கள் (பார்த்தாயா, இப்போதே "நீங்கள்" என்று எழுத வருகிறது) 20–7 என்று ஜெயித்துவிட்டு வெட்ட வந்தபோது, எங்கள் பையன்கள் கம்பத்தைச் சுற்றி நின்று மறித்தார்கள். தள்ளுமுள்ளு ஆனது. அன்று எனக்கு எங்கள் ஆட்கள் மேல்தான் கோபம். தோற்றால் வழிவிட வேண்டும். அது முடியாதவன் கோடாலிக்கு ஆடவே கூடாது.

இந்த இரண்டு அணிகளும் 1890 முதல் மோதுகின்றன. 1906-ஆம் ஆண்டு மட்டும் ஆடவில்லை. ஃபுட்பாலின் முரட்டுத்தனம் கட்டுமீறிப் போய் நாடே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. மேல்மட்டக் கல்லூரி ஃபுட்பாலில் இத்தனை தடவை மோதிய ஜோடி வேறு கிடையாது. முதல் ஆட்டத்தில் நாங்கள் 63–0 என்று உங்களைத் துவைத்து எடுத்தோம். 2024 ஆட்டம் முடிந்தபோது மொத்தக் கணக்கு எங்களுக்கு 63 வெற்றி, உங்களுக்கு 63 வெற்றி, 8 சமன். அந்த 63-ஐ நினைத்து நான் தனியாகச் சிரித்துக்கொள்வேன்.

உன் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் 2004 முதல் 2017 வரை. தொடர்ந்து 14 ஆட்டம் விஸ்கான்சினுக்கு. அதை நீ எடுத்து வீசினால் நான் வாயை மூடிக்கொள்வேன். 2018-இல் மாடிசனுக்கே போய் 37–15 என்று ஜெயித்துக் கோடாலியைத் தூக்கி வந்தது வரைக்கும் என்னிடம் பதிலே இருக்கவில்லை. அந்த 14-இலும் மிகவும் வலித்தது 2005. மூன்று புள்ளி முன்னிலையில் இருக்கிறோம், ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. பந்தைத் தூர உதைத்து அனுப்பிவிட்டால் போதும், கோடாலி எங்களுடையது. உதைக்க வேண்டிய பையன் கைக்கு வந்த பந்தைத் தவறவிட்டான். தடுமாறி எடுத்து உதைத்ததை உங்கள் ஆட்கள் மறித்து, எங்கள் கோட்டுக்குள்ளேயே விழுந்து பிடித்துப் புள்ளி எடுத்தார்கள். 38–34. அந்தப் பையனின் பெயர் எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாதே. அணியைக் கேலி செய், கோச்சைக் கேலி செய், ராத்திரி பகலாக என்னைக் கேலி செய். பரீட்சை எழுதிக்கொண்டே விளையாட வரும் இருபது வயதுப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கிண்டல் செய்வது அசிங்கம். மதராஸ் கிரிக்கெட்டிலும் சரி, இங்கும் சரி, எனக்கு அது பிடிக்காது.

இதில் கொடுமை என்னவென்றால், அதற்கு முந்தைய சனிக்கிழமைதான் நாங்கள் மிஷிகனை அவர்கள் ஊரிலேயே 23–20 என்று ஜெயித்து ஜாடியைக் கொண்டுவந்திருந்தோம். ஒரு வாரச் சந்தோஷம், அவ்வளவுதான்.

ஜாடியின் கதை உனக்குத் தெரிந்திருக்காது. 1903-இல் மிஷிகன் அணி மினியாபொலிஸுக்கு வந்தது. ஃபீல்டிங் யோஸ்ட் பயிற்சியாளராக வந்த 1901-இலிருந்து தோல்வி என்றால் என்னவென்று தெரியாத அணி. யோஸ்ட்டுக்கு எங்கள் தண்ணீர் மேல் சந்தேகம், எதையாவது கலந்துவிடுவார்கள் என்ற பயம் என்று சொல்வார்கள். ஆகவே அவர்களுடைய மாணவர் மேலாளர் ஊருக்குள் போய் 30 சென்ட் கொடுத்து ஒரு பெரிய ஜாடி வாங்கி வந்தார், ஐந்து கேலன் பிடிக்கும். ஆட்டம் 6–6. எங்கள் அணி கடைசியில் சமன் செய்ததும் கூட்டம் மைதானத்துக்குள் வெள்ளமாகப் பாய்ந்து, மிச்ச நேரத்தை ஆடவே முடியவில்லை. அந்தக் களேபரத்தில் மிஷிகன்காரர்கள் ஜாடியை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

மறுநாள் அதைக் கண்டெடுத்தவர் ஆஸ்கர் மன்சன் என்ற பராமரிப்புப் பணியாளர். விளையாட்டுத் துறையின் தலைவர் குக்கிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். இருவரும் சேர்ந்து அதன் மேல் "மிஷிகன் ஜாடி, ஆஸ்கர் பிடித்தது" என்ற பொருளில் எழுதி, கீழே ஸ்கோரையும் எழுதினார்கள். மினசோட்டாவின் 6 பெரிதாக, மிஷிகனின் 6 துளியூண்டாக. சமனில் முடிந்த ஆட்டத்தையே இப்படி எழுதினார்கள் என்றால் ஜெயித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் பார்! ஜாடி வேண்டுமென்றால் வந்து ஜெயித்து எடுத்துக்கொள்ளுங்கள் என்பது யோஸ்ட்டுக்குப் போன பதில். அடுத்து மோதியது 1909-இல். அவர்கள் வந்தார்கள், ஜெயித்தார்கள், எடுத்துக்கொண்டு போனார்கள். 1977, 1986, 2005, 2014. கடந்த ஐம்பது வருஷத்தில் நாங்கள் மிஷிகனை ஜெயித்தது இந்த நான்கு தடவைதான். இப்போதும் ஜாடி அவர்களிடம்தான் இருக்கிறது. இதையும் நீ குறித்து வைத்துக்கொள்ளலாம், நான் மறைக்கவில்லை.

பன்றிக்கு வருகிறேன். இதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகக் கேள்.

அயோவாவோடு எங்களுக்கு உள்ள கோப்பை ஃப்ளாய்ட் ஆஃப் ரோஸ்டேல், ஒரு வெண்கலப் பன்றி. 1935-இல் அயோவா கவர்னர் கிளைட் ஹெர்ரிங் பத்திரிகையாளர்களிடம் ஒன்று சொன்னார். போன வருஷம் போல மினசோட்டா முரட்டுத்தனமாக ஆடி, நடுவர்கள் அதைச் சும்மா விட்டால், எங்கள் கூட்டம் சும்மா விடாது என்ற அர்த்தத்தில். மினசோட்டாவில் எல்லோருக்கும் சூடேறியது. எங்கள் கவர்னர் ஃப்ளாய்ட் ஓல்சன் ஒரு தந்தி அடித்தார். என் மாநிலத்துப் பரிசுப் பன்றி ஒன்று, உன் மாநிலத்துப் பரிசுப் பன்றி ஒன்று, தோற்றவர் நேரில் கொண்டுவந்து தர வேண்டும், பந்தயத்துக்குத் தயாரா என்று. ஹெர்ரிங் சரி என்றார். மினசோட்டா 13–6 என்று ஜெயித்தது. ரோஸ்டேல் பண்ணையிலிருந்து ஒரு பன்றி வந்தது. எங்கள் கவர்னரின் பெயரையே அதற்கு வைத்து, ஹெர்ரிங் அதை எங்கள் மாநிலத் தலைமைச் செயலகத்துக்குள்ளேயே நடத்திக் கூட்டி வந்தார். கவர்னர்கள் சூதாடுகிறார்கள் என்று அயோவாவில் ஒருவர் புகாரே கொடுத்தார். நிஜப் பன்றி அடுத்த வருஷம் பன்றிக் காலராவில் போய்விட்டது. அதற்குள் செயின்ட் பால் நகரச் சிற்பி சார்ல்ஸ் பிரியோஸ்கியைக் கொண்டு ஓல்சன் வெண்கலத்தில் ஒன்று செய்யவைத்திருந்தார்.

கேட்டால் சிரிப்பு வரும் கதை, நானும் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால் "போன வருஷம்" என்று ஹெர்ரிங் எதைச் சொன்னார்? 1934-இல் அயோவாவுக்காக ஆடிய ஆஸி சிம்மன்ஸ் டெக்சஸிலிருந்து வந்த கறுப்பின வீரர், பந்தோடு ஓடினால் பிடிப்பது கஷ்டம். அந்த ஆட்டத்தில் எங்கள் ஆட்கள் அவரைக் குறிவைத்து அடித்து, அவர் திரும்பத் திரும்ப வெளியேற வேண்டியதாயிற்று. நாங்கள் 48–12 என்று ஜெயித்தோம். அதற்கு 11 வருஷம் முன்னால், 1923-இல், அயோவாவின் இன்னொரு பல்கலைக்கழகமான அயோவா ஸ்டேட்டின் முதல் கறுப்பின வீரரான ஜாக் டிரைஸ் இதே மினியாபொலிஸில் எங்களோடு ஆடும்போது மிதிபட்டு, இரண்டு நாளில் இறந்துபோனார். அங்கே ஸ்டேடியத்துக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

ஓல்சனின் தந்தி அன்று கலவரத்தைத் தடுத்தது என்று சொல்வார்கள். தடுத்திருக்கும். கோபமாக இருந்த இரண்டு மாநிலத்தையும் அது ஒரே நாளில் சிரிக்க வைத்தது. அதே தந்திதான் பேச்சையும் மாற்றியது. 1934-இல் ஒரு மனிதருக்கு என்ன நடந்தது என்ற கேள்வி போய், எந்தப் பன்றி எந்த ஊருக்கு என்பது செய்தியாகிவிட்டது. இந்த ஊரில் பன்றியின் பெயர் தெரியாத ஆள் கிடையாது. சிம்மன்ஸ் யார் என்று கேட்டுப் பார், பாதிப் பேர் முழிப்பார்கள். அந்தச் சமாச்சாரத்தில் தவறு எங்கள் பக்கம். நீ அயோவாக்காரர்களோடு சேர்ந்து எங்களை மட்டம் தட்ட நேர்ந்தால் முதலில் எடுக்க வேண்டியது இதுதான். யாரும் எடுக்க மாட்டார்கள்.

சரி, பாரம் போதும். அயோவாக்காரர்களிடம் எங்களுக்கும் சரக்கு இருக்கிறது. 2002-இல் எங்கள் பழைய மைதானமான மெட்ரோடோமில் ஜெயித்த குஷியில் அவர்களுடைய ரசிகர்கள் கோல்போஸ்ட்டைப் பிடுங்கி, அதை வெளியே கொண்டுபோகப் பார்த்தார்கள், சுழல் கதவு வழியாக. உள்ளே காற்றழுத்தத்தால் கூரை நின்ற கட்டடம் அது, வாசல்கள் அப்படித்தான் இருந்தன. இதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

நெப்ராஸ்காவோடு இருப்பது 2014-இல் ட்விட்டரில் பிறந்தது. நெப்ராஸ்கா கோச்சின் பெயரில் யாரோ நடத்திய நையாண்டிக் கணக்கும் எங்கள் அணியின் சின்னமான கோல்டி கோஃபரும் விளையாட்டாகப் பேசிப் பேசி, உடைந்த மரநாற்காலித் துண்டுகளையும் 5 டாலரையும் ஒட்டி ஒரு கோப்பை. பல்கலைக்கழகம் அதை ஓரங்கட்டியது, ரசிகர்கள் தாங்களாகவே இன்னொன்று செய்து அதன் பெயரில் நோயாளிக் குழந்தைகளுக்குப் பணம் திரட்டுகிறார்கள். அலுவலகம் வைத்து யாரோ யோசித்துச் செய்யும் பளபளப்புக் கோப்பைகளுக்கு இந்த அதிர்ஷ்டம் வராது.

கடைசியாக ஒரு வேலை வைத்திருக்கிறேன். கோடாலிக்கு முன்னால், 1930-இலிருந்து, நம் இரு அணிகளுக்கும் வேறு ஒரு கோப்பை இருந்தது. கறுப்பு வால்நட் மரப் பலகை, "ஸ்லாப் ஆஃப் பேக்கன்" என்று பெயர். நடுவில் இருக்கும் எழுத்து ஒரு பக்கம் பிடித்தால் மினசோட்டாவின் எம், தலைகீழாகப் பிடித்தால் விஸ்கான்சினின் டபிள்யூ. 1940-களில் தொலைந்துபோனது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், அதனால்தான் கோடாலியே வந்தது. 1994-இல் உங்கள் காம்ப் ராண்டால் ஸ்டேடியத்தில் ஒரு சாமான் அறையை ஒழித்தபோது அது கிடைத்தது. பின்பக்கம் திருப்பினால் 1970 வரை எல்லா ஆட்டத்தின் ஸ்கோரும் பதித்திருக்கிறது! காணாமல் போன பலகைக்கு இத்தனை வருஷம் கணக்கு எழுதிக்கொண்டிருந்த மகானுபாவர் யார்? அங்கே பெரியவர்கள் யாரையாவது பிடித்து விசாரித்துச் சொல்.

தேங்ஸ்கிவிங் விடுமுறைக்கு நீ வரும் வாரத்தில்தான் ஆட்டம். கவர்னர்கள் வழியில் நாமும் ஒரு பந்தயம் வைத்துக்கொள்வோம். நாங்கள் ஜெயித்தால் கிறிஸ்துமஸ் விடுமுறை முழுக்க என் வீட்டு வாசலில் பனி அள்ளுவது உன் பொறுப்பு, மிஷினைத் தொடக் கூடாது, ஷவலால்தான். நீங்கள் ஜெயித்தால் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுக்கு நான் சிவப்பு பாட்ஜர் சட்டையில், வேட்டியோடு வருகிறேன். போட்டோ எடுத்துக்கொள்ளலாம், யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பிக்கொள்ளலாம். சம்மதம் என்றால் உன் அம்மாவைச் சாட்சியாக வைத்துப் பதில் போடு. அவள் சட்டையை இப்போதே இஸ்திரி போடத் தொடங்கினாலும் ஆச்சரியமில்லை.

உன் மாமன்,
மினியாபொலிஸ்