டாப் டென் கிட்டாரிஸ்ட் லிஸ்ட் போடுறவங்களுக்கு: லானி ஜான்சனுக்கு ஒரு இடம் குடுங்க

ராக்கும் ப்ளூஸும் கேக்குறதோட நிக்காம, வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவையாவது "உலகத்துலயே அதிக தாக்கம் ஏற்படுத்தின கிட்டாரிஸ்ட் யாரு"ன்னு லிஸ்ட் போட்டு விடிய விடிய வாதாடுற நண்பர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

உங்க லிஸ்ட் எதையும் நான் விடுறதில்ல, கடைசி பேர் வரைக்கும் படிச்சிருவேன். சண்டை போட இதை எழுதல, ஒரு கோரிக்கை இருக்கு, அதைக் கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

லிஸ்ட்ல வர்ற பேரெல்லாம் இப்ப எனக்கு மனப்பாடம். முதல்ல ஹெண்ட்ரிக்ஸ், அப்புறம் கிளாப்டன், ஜிம்மி பேஜ், ஜெஃப் பெக், எடி வான் ஹேலன், கில்மோர், பழசுக்கு மரியாதையா சக் பெர்ரி, பி.பி. கிங், இன்னும் ஆழமா போறவங்க ராபர்ட் ஜான்சன் வரைக்கும் போவாங்க. இதுல ஒருத்தரையும் எடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன், எல்லாருமே நான் கும்பிடுற ஆளுங்க தான். ஆனா தலைப்புல "தாக்கம்"னு போடுறீங்க பாருங்க, அந்த வார்த்தைக்கு ஒரு பொறுப்பு இருக்கு. யாரு பெஸ்ட்னு கேட்டா அது அவங்கவங்க ருசி. தாக்கம்னு சொல்லிட்டா அது ருசி இல்ல, யாரு யாருகிட்ட இருந்து கத்துக்கிட்டாங்கன்னு ஒவ்வொரு ஆளா பின்னாடி போய்ப் பாக்கணும். அப்படிப் போனா நிறைய வழி ஒரே வீட்டு வாசல்ல போய் நிக்குது. அந்த வீட்டுக்காரர் பேர் லானி ஜான்சன், 1920கள்ல ரெக்கார்டு பண்ண ஆரம்பிச்ச நியூ ஆர்லியன்ஸ் ப்ளூஸ் கிட்டாரிஸ்ட். உங்க லிஸ்ட்ல அவர் பேரை நான் ஒரு தடவை கூட பாத்ததில்ல.

நான் இவர்கிட்ட வந்து சேந்தது பி.பி. கிங் மூலமா தான். கிட்டார் கத்துக்க ஆரம்பிச்ச புதுசுல ஸ்ட்ரிங்கை வளைச்சு ஒரு நோட்டை அழ வைக்கிறது எப்படின்னு விரல் நுனி வெந்துபோற அளவுக்குப் பழகிட்டிருந்தேன், அவரோட ஒரு விரல் நடுக்கம் எனக்கு வரவே வரல, சரி இந்த மனுஷனுக்கு யாரு சொல்லிக்குடுத்தாங்கன்னு அவர் பேட்டியெல்லாம் தேடிப் பாத்தா, எங்க கேட்டாலும் ஏறக்குறைய அதே பேரு தான் சொல்றார்: ப்ளைண்ட் லெமன் ஜெஃபர்சன், லானி ஜான்சன், டி-போன் வாக்கர், சார்லி கிறிஸ்டியன், ஜாங்கோ ரைன்ஹார்ட். மிசிசிப்பில சின்னப் பையனா இருந்தப்ப அவங்க அம்மாவோட அத்தை வீட்டுல ஒரு கிராமபோன் இருந்துச்சாம், அதுல தான் லெமனையும் லானியையும் முதல்ல கேட்டிருக்கார். இந்த அஞ்சு பேர்ல நாலு பேரைப் பத்தி எனக்கு ஏதோ கொஞ்சம் தெரியும், லானி ஜான்சன் மட்டும் புதுசு. அன்னிக்கு ராத்திரி 1927, 28-ல வந்த ரெக்கார்டுகளை ஹெட்போன் போட்டு கேட்டேன். பின்னாடி கடுகு பொரியுற மாதிரி சத்தம், அதுக்கு நடுவுல ஒரு கிட்டார், ஒரே ஒரு ஸ்ட்ரிங்ல, ஒரு ஆள் பேசுற மாதிரி. சத்தியமா சொல்றேன், நான் மாசக்கணக்கா பழகிட்டிருந்த அந்த நடுக்கம் அதுல இருந்துச்சு. பி.பி. கிங் 1925-ல தான் பிறந்தார், அவருக்கு ரெண்டு மூணு வயசு ஆகுறப்பவே இந்த ரெக்கார்டெல்லாம் கடைக்கு வந்தாச்சு.

இதுல என்ன புதுசுன்னு கேப்பீங்க. அந்தக் காலத்து ப்ளூஸ்ல கிட்டாரோட வேலை பெரும்பாலும் பாட்டுக்குத் துணை நிக்கிறது. கட்டை விரல் கீழ் ஸ்ருதில தாளம் போடும், மத்த விரல் மேல ரெண்டு மூணு நோட்டு சேக்கும், பாடுறவர் மூச்சு விடுற இடத்துல சின்னதா ஒரு பதில். ஜாஸ் பேண்டுலயோ கிட்டாரும் பாஞ்சோவும் தாளத்துக்கு மட்டும் தான். லானி முதல்ல வயலின் வாசிச்சவர், நியூ ஆர்லியன்ஸ்ல அவங்க குடும்பமே ஒரு பேண்டு, அதுல இவர் வயலின். வயலின்ல நோட்டை இழுக்கலாம், வழுக்கலாம், நடுங்க வைக்கலாம், நம்ம ஊர்ல கமகம் கேட்டு வளந்த காதுக்கு இதைத் தனியா விளக்க வேண்டியதில்ல. அந்தப் பழக்கத்தை அப்படியே கிட்டாருக்குக் கொண்டு வந்து, கையில பிக் (ஸ்ட்ரிங்கை மீட்டுற சின்னத் தகடு) புடிச்சு, ஒரு ஸ்ட்ரிங்ல ஒரு நேரத்துக்கு ஒரு நோட்டு, அதை வளைச்சு, நடுங்க வச்சு, பாட்டு மாதிரியே ஒரு வரியைக் கட்டினார். இன்னிக்கு நாம "லீட்"னு சொல்றோமே, ஸ்டேஜ்ல லைட் எல்லாம் ஒருத்தர் மேல விழுற அந்த நேரம், அதோட அடிப்படை இது தான். அதையும் ஆம்ப்னு சத்தத்தைக் கூட்டுற பெட்டி எதுவும் இல்லாம, வெறும் மரக் கிட்டார்ல பண்ணியிருக்கார்.

அந்தக் குடும்ப பேண்டு நிலைக்கல. 1918-19-ல உலகம் முழுக்க அடிச்ச அந்த இன்ஃப்ளுயன்சா காய்ச்சல்ல வீட்டுல ஒரு அண்ணனைத் தவிர கிட்டத்தட்ட எல்லாரும் போயிட்டாங்க. ரெண்டு பேரும் செயிண்ட் லூயிஸுக்குப் போனாங்க, அங்க 1925-ல புக்கர் டி. வாஷிங்டன் தியேட்டர்ல நடந்த ப்ளூஸ் போட்டியில லானி ஜெயிச்சார், பரிசு ஓக்கே கம்பெனில ரெக்கார்டு பண்ற ஒப்பந்தம். 1927 டிசம்பர்ல சிகாகோல ட்ரம்பெட் மேதை லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கோட ஹாட் ஃபைவ் ஜாஸ் பேண்டு கூட உக்காந்தார், அதுல ஒரு பாட்டுல ஆர்ம்ஸ்ட்ராங் வார்த்தை இல்லாம குரல்லயே ஓடிட்டிருப்பார், லானி ஒவ்வொரு வரிக்கும் கிட்டார்ல பதில் சொல்லுவார். அதை மட்டுமாவது தேடிக் கேளுங்க. அடுத்த வருஷம் ஜாஸ் பேண்டு தலைவர் டியூக் எல்லிங்டன் கூட. அதுக்கப்புறம் பிலடெல்பியாக்காரர் எடி லாங் கூட ரெட்டைக் கிட்டார் ரெக்கார்டுகள். எடி லாங் வெள்ளைக்காரர், கறுப்பரும் வெள்ளையரும் சேந்து வாசிச்சாங்கன்னு லேபிள்ல வெளிப்படையா போட முடியாத காலம், அதனால அவர் பேரை "ப்ளைண்ட் வில்லி டன்"னு மாத்திப் போட்டாங்க. அந்த ரெட்டைக் கிட்டாரைக் கேட்டா, ஒருத்தர் விட்ட இடத்துல இன்னொருத்தர் எடுக்குற அழகு இன்னிக்கும் எனக்குப் புல்லரிக்கும்.

சரி, இதெல்லாம் ஜாஸ் கதை, ராக்குக்கு என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க, இருக்கு. நீங்க எல்லாத்துக்கும் வேர்னு சொல்ற ராபர்ட் ஜான்சன் 1936-லயும் 37-லயும் மொத்தமா பாடி வச்சது 29 பாட்டு, அதுல ரெண்டு பாட்டு அச்சு அசல் லானி பாணி, பேரை மறைச்சுப் போட்டா லானின்னே நினைச்சிருவீங்க. லானி தனக்குச் சொந்தம்னு ராபர்ட் ஜான்சன் ஊர்ல சொல்லிட்டுத் திரிஞ்சாராம், அவர் கூட ஊர் ஊரா போன ஜானி ஷைன்ஸ் சொன்னது இது. ரத்த சம்பந்தம் ஒண்ணும் கிடையாது, அவ்வளவு பிரியம்.

இன்னொரு வழி லண்டன் வழியா போகுது. 1952-ல லானி ராயல் ஃபெஸ்டிவல் ஹால்ல வாசிச்சார். அதே மேடையில வாசிச்ச ஒரு இளைஞன் டோனி டோனகன், பிரியத்துல தன் பேரையே லானி டோனகன்னு மாத்திக்கிட்டார். இவர் தான் இங்கிலாந்துல ஸ்கிஃபிள் (கிட்டாரோட வீட்டுச் சாமானையும் வச்சு வாசிக்கிற எளிமையான நாட்டுப்புற இசை) அலையைக் கிளப்பினவர், அந்த அலையில தான் லிவர்பூல்ல ஜான் லெனன் பின்னாடி பீட்டில்ஸா மாறின குவாரிமென்னு ஒரு குரூப்பு ஆரம்பிச்சார், அந்த அலையில தான் ஜிம்மி பேஜ் சின்னப் பையனா டிவில வந்து ஸ்கிஃபிள் வாசிச்சார். ஆக உங்க லிஸ்ட்ல மூணாவதோ நாலாவதோ இருக்கற மனுஷனைக் கிட்டார் எடுக்க வச்ச அலைக்குத் தலைவர் சுமந்ததே இவர் பேரைத் தான். பாப் டிலன் கூட, லானி தனக்கு ஒரு வாசிப்பு முறையைச் சொல்லிக்குடுத்ததா சுயசரிதையில எழுதியிருக்கார்.

எல்லாத்தையும் லானி ஒருத்தரே ஆரம்பிச்சு வச்சார்னு நான் சொல்லல. டெக்ஸஸ்ல ப்ளைண்ட் லெமன் இருந்தார், மிசிசிப்பில சார்லி பேட்டன் இருந்தார், மெம்ஃபிஸ் மின்னி இருந்தாங்க. எலெக்ட்ரிக் கிட்டாரை ப்ளூஸ் மேடையோட நடுவுக்குக் கொண்டு வந்தவர் டி-போன் வாக்கர், தலைக்குப் பின்னாடி வச்சு வாசிக்கிறதையும் ஹெண்ட்ரிக்ஸுக்கு ரொம்ப முன்னாடியே அவர் பண்ணிட்டார். இவங்களுக்கும் இடம் வேணும் தான். ஆனா கிட்டார் தனியா பாடணும்ங்கிற எண்ணத்தை ரெக்கார்டுல முதல்ல அழுத்தமா பதிச்சவங்கள்ல லானிக்கு நிகர் சொல்ல ஆள் கம்மி.

அப்ப ஏன் மறந்தோம்? நான் நிறைய யோசிச்சேன். ராபர்ட் ஜான்சன் 27 வயசுல செத்தார், ரெண்டு மூணு போட்டோ தான் இருக்கு, நாற்சந்தியில நடுராத்திரி பேய்க்கு ஆன்மாவை வித்தார்னு ஒரு கதை இருக்கு. லானிகிட்ட கதை இல்ல. அவர் கோட்டு சூட்டு போட்டு, நல்லா வாரின தலையோட, காதல் பாட்டும் பாடுவார். 1948-ல அவர் மெதுவான பாட்டு ஒண்ணு அமெரிக்காவோட கறுப்பர் இசை சார்ட்டுல ஏழு வாரம் முதலிடத்துல இருந்துச்சு, எல்விஸ் கூட அதைப் பாடி வச்சிருக்கார். அப்புறம் 60கள்ல வெள்ளைக்காரப் பசங்க "அசல் ப்ளூஸ்" தேடிக் கிளம்பினப்ப அவங்களுக்கு வேண்டியது வயக்காட்டுல இருந்து எழுந்து வர்ற கிழவர், எலெக்ட்ரிக் கிட்டாரோட மெலடி பாடுற நகரத்துக்காரர் இல்ல. லானி அந்தச் சட்டத்துக்குள்ள அடங்கல, அவர் எதை வாசிக்க ஆசைப்பட்டாரோ அதையே வாசிச்சார். அதுக்காகவே எனக்கு அவரை இன்னும் புடிக்கும்.

நடுவுல அவர் வாழ்க்கை போன போக்கு இருக்கே, அதை எழுத மனசு கனக்குது. 30கள்ல பொருளாதார வீழ்ச்சியில ரெக்கார்டு வேலை நின்னுபோய் இரும்பு ஆலையில வேலை பாத்தார். 48-ல அவ்வளவு பெரிய ஹிட் குடுத்த ஆள், பத்துப் பன்னெண்டு வருஷத்துல பிலடெல்பியாவுல பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஹோட்டல்ல துப்புரவு வேலையில இருந்தார். ரேடியோவுல ஜாஸ் நிகழ்ச்சி நடத்திட்டிருந்த கிறிஸ் ஆல்பர்ட்சன் தேடிப் போய்க் கண்டுபிடிச்சு 1960-ல திரும்ப ரெக்கார்டு பண்ண வச்சார். ஆர்ம்ஸ்ட்ராங்குக்குப் பதில் சொன்ன விரல் துடைப்பம் புடிச்சிருந்துச்சு.

அதே பிலடெல்பியாவுல தான் எலெக்ட்ரிக் கிட்டாரோட பக்திப் பாட்டு பாடின சிஸ்டர் ரோசெட்டா தார்ப்பும் 1973-ல இறந்தாங்க, ரொம்ப வருஷம் பேர் எழுதின கல் கூட இல்லாத புதைகுழியில கிடந்தாங்க, 2008-ல கச்சேரி நடத்திப் பணம் சேத்துத் தான் கல் வச்சாங்க. அவங்களை இங்க கொண்டு வர்றதுக்குக் காரணம் இருக்கு. 2003-ல ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 100 கிட்டாரிஸ்ட் லிஸ்ட் போட்டப்ப அவங்க பேரே அதுல இல்ல. 2023-ல அதே பத்திரிகை 250 பேர் போட்டப்ப அவங்க ஆறாவது. இந்த இருபது வருஷத்துல அவங்க புதுசா ஒரு நோட்டு கூட வாசிக்கல, கேக்குறவங்க தான் காதை மாத்திக்கிட்டாங்க. அதனால "பேரே தெரியாத ஆளை எப்படிப்பா லிஸ்ட்ல போடுறது"ன்னு சொல்லாதீங்க. நீங்க போட்டா தெரியும். 17 வயசுப் பையனோ பொண்ணோ உங்க லிஸ்டை வச்சுத் தான் அடுத்து என்ன கேக்குறதுன்னு முடிவு பண்றாங்க, நானும் அப்படி வந்தவன் தான்.

நான் கேக்குறது இவ்வளவு தான். அடுத்த தடவை "தாக்கம்"னு தலைப்பு வச்சு லிஸ்ட் போடுறப்ப, முதல் பத்துக்குள்ள லானி ஜான்சனுக்கு ஒரு இடம் குடுங்க. எந்த இடம்னு நீங்களே முடிவு பண்ணுங்க, அதுல நான் வாதாட மாட்டேன். அதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி ஒதுக்கி 1927 ஹாட் ஃபைவ் ரெக்கார்டையும் எடி லாங் கூட பண்ணதையும் கேட்டுட்டு, உடனே பி.பி. கிங்கைப் போட்டுப் பாருங்க.

1970-ன்னு சொன்னா நம்ம எல்லாருக்கும் ஹெண்ட்ரிக்ஸ் போன வருஷம், செப்டம்பர் 18. அதே வருஷம் ஜூன் 16-ம் தேதி டொராண்டோல லானி ஜான்சன் போனார். அதுக்கு முந்தின வருஷம் ரோட்டோரமா நடந்து போனவரைக் கார் மோதி இடுப்பு உடைஞ்சு, அப்புறம் பக்கவாதமும் வந்து, கிட்டார் வாசிக்கிற நிலையிலயே இல்ல. ஆனா பிப்ரவரில மாசி ஹால்ல ஒரு கச்சேரி, கைத்தடியை ஊனி மேடைக்கு வந்தார், கூட ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் பட்டி கை. ரெண்டு மூணு பாட்டு பாடினார், ஹால்ல இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க.

அன்போட,
இன்னமும் அந்த ஒரு விரல் நடுக்கத்தைப் பழகிட்டிருக்கற ஒரு ரசிகன்