குழந்தையின் ரத்த வகை தெரியாமல் தாயை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்

மகப்பேறு பிரிவின் தலைமை மருத்துவருக்கும் மருத்துவமனை நிர்வாகத்துக்கும் வணக்கம்.

என் தங்கைக்காக உங்கள் அறைக்கு வந்து பேசியவள் நான், நினைவிருக்கும். "இனிமேல் இப்படி நடக்காது" என்றீர்கள், நம்பினேன். போன வாரம் எனக்குத் தெரிந்த ஒரு பெண், ரத்த வகை ஆர்எச் நெகட்டிவ், முதல் பிரசவம், உங்கள் வார்டிலிருந்துதான் வீடு வந்தார். குழந்தையின் ரத்த வகை டிஸ்சார்ஜ் சீட்டில் இல்லை. பாசிட்டிவ் குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கி அடுத்த குழந்தையைத் தாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியைப் போட்டார்களா என்று கேட்டால், "ஏதோ ஊசி போட்டாங்க" என்கிறார். நான் சொன்ன பிறகு கணவர் ஓடிவந்து விசாரித்தார். குழந்தை பாசிட்டிவ், ஊசி போடவில்லை. பிரசவத்துக்குப் பின் 72 மணி நேரக் கெடு முடிய ஐந்து மணி நேரம் இருக்கும்போதுதான் போட்டார்கள்.

என் தங்கையும் நெகட்டிவ்தான், அவளுக்கு அப்படி ஓடிவர யாரும் இல்லை, எங்களுக்கு விஷயமே தெரியாது. தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினீர்கள், முடிவு வருவதற்குள் அவளை அனுப்பிவிட்டீர்கள், அப்புறம் வந்த தாள் கோப்பிலேயே கிடந்தது. இரண்டாவது கர்ப்பத்தில், அந்த எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் கூம்ப்ஸ் சோதனை பாசிட்டிவ். உடம்பு எதிர்ப்பொருளை உண்டாக்கிவிட்டது, இனி அந்த ஊசியால் பயனில்லை என்றார்கள். குழந்தைக்கு ரத்தசோகை வந்திருக்கிறதா என்று அடிக்கடி ஸ்கேன். வயிற்றுக்குள் இருக்கும்போதே கொடி வழியாக மூன்று முறை ரத்தம் ஏற்றினார்கள். ஒவ்வொரு முறை முடிந்த இரவும் தூங்காமல் அசைவை எண்ணிக்கொண்டு கிடப்பாள், கொஞ்ச நேரம் அசையாவிட்டால் என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைப்பாள். குழந்தை பிழைத்தது. "முதல் தடவையே போட்டிருந்தா இதெல்லாம் வந்திருக்காதுல்ல அக்கா?" என்று அவள் கேட்டதற்கு நான் என்ன சொல்ல?

1968 முதல் புழக்கத்தில் இருக்கிற மருந்து இது. பாசிட்டிவ் குழந்தை பெற்ற நெகட்டிவ் தாய்மாரில் எதிர்ப்பொருள் உண்டாகும் ஆபத்து நூற்றுக்குப் பதினாறு பேர் அளவுக்கு இருந்தது, பிரசவத்துக்குப் பின் போடும் ஒரே ஊசியால் இரண்டுக்கும் கீழே இறங்கியது. 28-வது வாரத்திலும் போட்டால் இன்னும் குறையும். அதுவும் மனிதர்கள் தரும் பிளாஸ்மாவிலிருந்து எடுப்பது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் 2018 வரை ஆயிரம் தடவைக்கு மேல் கொடுத்தார். முன்பின் தெரியாத தாய்மாருக்காக ஒருவர் அத்தனை தடவை கை நீட்டியிருக்கிறார், இங்கே ஒரு தாள் ஆய்வகத்திலிருந்து வார்டுக்கு வந்து சேரவில்லை.

பெண்களிடம் யாரும் எதையும் விளக்குவதில்லை. நெகட்டிவ் என்று சிவப்பு மையில் எழுதியதைப் பார்த்து அதையே ஒரு நோய் என்று பயப்படுகிறார்கள். கரு கலைந்தாலும் இந்த ஊசி தேவைப்படலாம் என்று எத்தனை பேருக்குச் சொல்கிறீர்கள்? வீட்டிலோ மருமகளின் ரத்தத்தில் கோளாறு என்று பேச்சு.

மன்னியுங்கள், கோபத்தில் நீட்டிவிட்டேன். நான் கேட்பது ஒன்றுதான். நெகட்டிவ் தாய் யாரையும், குழந்தையின் ரத்த வகையைப் பார்க்காமல், தேவையான ஊசியைப் போட்டுச் சீட்டில் எழுதாமல் அனுப்பாதீர்கள். விடுமுறை நாளானாலும் சரி, படுக்கை போதாவிட்டாலும் சரி, அனுப்பாதீர்கள்.

இன்னொன்று. கடந்த பத்து நாளில் வீட்டுக்குப் போன நெகட்டிவ் தாய்மாரின் கோப்புகளை தயவுசெய்து இன்றே எடுத்துப் பாருங்கள். 72 மணி நேரம் தாண்டியிருந்தாலும் பத்து நாளுக்குள் போட்டால் ஓரளவு பலன் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். விடுபட்டவர் இருந்தால் அவரைக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு அக்கா