கணித ஆசிரியர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, கோத்தகிரி, குன்னூர், உதகைப் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, இவ்வாண்டின் மாதக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றைக் கணித மென்பொருள் பயிற்சிக்கு ஒதுக்கினோம். மேட்லேப், மேத்தமேட்டிகா போன்றவற்றின் உரிமக் கட்டணம் நமக்குக் கட்டுப்படியாகாது என்பதாலும், மழைக்காலத்தில் இணைய இணைப்பை நம்பியிருக்க முடியாது என்பதாலும், கட்டணமின்றிக் கிடைத்து, கணினியில் நிறுவியபின் இணையமின்றியே இயங்கும் இரு மென்பொருள்களை, எண்களைக் கொண்டு கணக்கிடும் ஆக்டேவையும் குறியீடுகளைக் கொண்டு கணக்கிடும் மேக்ஸிமாவையும், தேர்ந்தெடுத்தோம். ஜான் ஈட்டன் 1992-இல் எழுதத் தொடங்கிய ஆக்டேவ், மேட்லேபின் கட்டளைகளில் பெரும்பாலானவற்றை அப்படியே ஏற்கும். மேக்ஸிமா, 1960-களின் இறுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தொடங்கப்பட்ட மாக்சைமா என்ற மென்பொருளின் வழிவந்தது.

உறுப்பினர்களின் நினைவில் நிற்கும் பயிற்சி, உதகை அருகே முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கியைப் பற்றியது. 1970-இல் அமைந்த அத்தொலைநோக்கி 530 மீட்டர் நீளமுடையது. அவ்விடத்தின் அட்சரேகைக்கு ஏறத்தாழச் சமமான 11 டிகிரி மலைச்சரிவில் வடக்குத் தெற்காகக் கிடப்பதால், அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைகிறது. அதன் இரு முனைகளுக்கும் இடையிலான உயர வேறுபாட்டைக் காண, ஆக்டேவில் 530-ஐ சைன் 11-ஆல் பெருக்கியவர்களுக்கு மைனஸ் 529.99 என்று விடை வந்தது. ஆக்டேவின் சைன் சார்பு கோணத்தை டிகிரியில் அல்ல, ரேடியன் என்ற வேறோர் அலகில் எதிர்பார்க்கிறது. டிகிரிக்குரிய ‘சைண்ட்’ என்ற தனிச் சார்பைப் பயன்படுத்தியதும் 101.13 மீட்டர் என்ற சரியான விடை கிடைத்தது. விடை குறை எண்ணாக வந்ததால்தான் பிழை உடனே தெரிந்தது. சரிவு 13 டிகிரியாக இருந்திருந்தால், சரியான 119 மீட்டருக்குப் பதிலாக 223 மீட்டர் என்று நம்பத்தக்க விடை வந்திருக்கும். நாமும் அதைக் கரும்பலகையில் எழுதியிருப்போம். ஆகவே, கட்டளையை இடுவதற்கு முன் விடையைத் தோராயமாக மதிப்பிடும் பழக்கத்தை மாணவர்களுக்குக் கற்பித்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதே சைன் 11-ஐ மேக்ஸிமாவிடம் கேட்டபோது, அது சைன் 11 என்றே திருப்பித் தந்தது. தசம எண் வேண்டும் என்று நாம் சொல்லும்வரை அது கணிதக் கோவையைக் கோவையாகவே காக்கும். சைன் பை (π) கேட்டால் மேக்ஸிமா 0 என்கிறது. ஆக்டேவோ, பை மதிப்பை ஏறத்தாழ 16 இலக்கம் வரையே வைத்துக்கொள்வதால், 15 சுழிகளுக்குப் பின் தொடங்கும் மிகச் சிறிய தசமத்தைக் காட்டுகிறது. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.3-க்குச் சமமா என்று கேட்டாலும் இல்லை என்றே சொல்கிறது. வகுப்பில் இதைக் காணும் மாணவர், கணினி தவறு செய்கிறது என்று எண்ணக்கூடும். அத்தசமங்கள், கணினி பயன்படுத்தும் 0, 1 மட்டுமே கொண்ட இரும எண்முறையில் முடிவுறுவதில்லை என்று விளக்கும் கடமை நமக்கு இருக்கிறது.

தேயிலைக் கொழுந்தின் எடைக் குறிப்பை ஆக்டேவில் அணியாக்கி (எண் அட்டவணையாக்கி), சராசரி கண்ட பயிற்சி நன்றாகவே நடந்தது. சராசரிக் கட்டளை இயல்பாக நிரல்வாரியாக, அதாவது மேலிருந்து கீழாக, சராசரி தரும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளவும்.

வரும் ஆண்டில் இவ்விரு மென்பொருள்களின் அடிப்படைக் கட்டளைகளுக்குத் தமிழில் ஒரு கைக்குறிப்பு தயாரிக்கச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. பென் டிரைவ் கொண்டுவந்தவர்கள் கூட்டம் முடிந்தபின் நிறுவல் கோப்புகளைப் பெற்றுக்கொள்ளலாம். வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.